இருபத்திரண்டும் சரி

டமார்!

தொடர்ந்து டம டம டமவென்று ஏதோ மலைச்சரிவில் உருண்டு போகிற சத்தம். மருந்துக்கடை அம்மா கூடாரத்தின் ஜிப்பை இழுத்துத் திறந்து தலையை வெளியே நீட்டினாள். பெரிய அலுமினியக் கெட்டில் ஒன்று, மூடி ஒரு பக்கம், தான் ஒரு பக்கமாக, ஏரியை நோக்கிப் பிரயாணம் போய்க்கொண்டிருந்தது. ஒற்றைக் காலில் மட்டும் ஷூவோடு நூலகர் அதைத் துரத்திக்கொண்டு ஓடினார். அவருக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பிள்ளைகள்.

"விடாதீங்க சார்! கோல் விழப்போகுது!"

கெட்டில் கரையோரக் கல்லில் முட்டி நின்றது. கைதட்டல் மலையெல்லாம் எதிரொலித்தது. நசுங்கிய கெட்டிலைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு நூலகர் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"இருபத்தஞ்சு பேர் டீ போச்சுக்கா."

"டீ போனா போகட்டும் தம்பி. நீங்க உருளாம வந்தீங்களே, அதுவே பெரிசு. உங்க உயரத்துக்குக் கட்டுப்போட எங்கிட்ட அவ்வளவு துணி இல்ல."

ஊர் நூலகத்தின் இளைஞர் மன்றத்துக்கு அந்த நூலகர்தான் தலைவர், செயலாளர், எடுபிடி எல்லாம். வருஷத்துக்கு ஒரு தடவை மன்றத்துப் பிள்ளைகளை மலை முகாமுக்கு அழைத்துப் போவது பழைய வழக்கம். பெண்பிள்ளைகள் பதினோரு பேர் வருவதால் துணைக்கு ஒரு பெண்மணி வந்தே ஆக வேண்டும் என்று பெற்றோர் சொல்லிவிட்டார்கள். ஆனால் வருகிறேன் என்று சொல்லத்தான் ஆளில்லை. இருமல் மருந்து வாங்க வந்த இடத்தில் நூலகர் கவுண்டரில் சாய்ந்துகொண்டு புலம்ப, "நான் வரேன்" என்றாள் அவள்.

வாய் தவறிச் சொன்னதாக வீட்டில் சொல்லிக்கொண்டாள். உண்மையில், முப்பது வருஷமாக அந்த வார்த்தை அவள் நாக்கு நுனியிலேயே இருந்தது.

மன்றத்தில் இருந்த அவளுடைய பதினாறு வயது மகளுக்கு இது தெரிந்ததும் வீட்டில் பூகம்பம். அப்பாவை நடுவராக வைத்து மூன்று நிபந்தனைகள் போட்டாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காரக் கூடாது. எல்லார் முன்னாலும் 'பாப்பா' என்று கூப்பிடக் கூடாது. ஸ்வெட்டர் போட்டியா, சாப்பிட்டியா என்று கேட்கவே கூடாது.

"அப்ப நான் எதுக்குடி வரணும்?"

"அதைத்தாம்மா நானும் கேக்கறேன்!"

பஸ் மலையேறத் தொடங்கியதுமே அவளுக்கு வயது குறையத் தொடங்கியது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் இரண்டு இரண்டு வருஷமாகக் கழிந்து, முகாமில் இறங்கும்போது அவளும் பதினாறில் நின்றாள். ஈரமான பைன் ஊசிகளின் வாசனை. தார்ப்பாயின் வாசனை. மண்ணெண்ணெய் அடுப்பு. காலையில் ஏரியின் மேல் கிடக்கிற பனிமூட்டம், யாரோ விரித்துவிட்டு மடிக்க மறந்துபோன போர்வை மாதிரி. சமையல் கொட்டகைக்கு மட்டும் புதுக் கூரை போட்டிருந்தார்கள். மற்றபடி அவள் விட்டுவிட்டுப் போன இடத்திலேயே எல்லாம் அவளுக்காகக் காத்திருந்தது. சிட்டு மட்டும் இல்லை.

சிட்டு என்பது அவள் பெயரல்ல, பட்டப்பெயர். உருவமும் அப்படி, பேச்சும் அப்படி. இவளுக்கு அவள் வைத்த பெயர் நெட்டை. நெட்டையும் சிட்டுவும் ஒன்றாகப் போனால் ஆச்சரியக்குறிக்குப் பக்கத்தில் முற்றுப்புள்ளி போகிறது என்று பள்ளிக்கூடமே கேலி செய்யும். ஒரே குடையில் போவார்கள். குடைக்காரி நெட்டை. நனைகிறவளும் நெட்டை, ஏனென்றால் சிட்டுவின் உயரத்துக்குக் குடையைத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். ஒரு பென்சிலை இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வார்கள். அடுத்த வீட்டு நாய்க்குக் காய்ச்சல் என்றால்கூட அதை முதலில் யார் யாருக்குச் சொல்வது என்று போட்டி.

அந்த வருஷ முகாமுக்கு வந்தபோது, சமையல் கொட்டகைக்குப் பின்னால் மேட்டில் புதிதாகத் தண்ணீர்த் தொட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். கொத்தனார் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, ஈர சிமெண்டில் இரண்டு சோடா மூடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அழுத்தினாள் சிட்டு. "நீ ஒண்ணு, நான் ஒண்ணு. தொட்டி இருக்கற வரைக்கும் நம்மள யாராலயும் பிடுங்க முடியாது." அன்று சாயங்காலம் முழுக்க அந்தத் தொட்டிக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தார்கள். புதர் மறைவு. கீழே திடலில் யார் என்ன பேசினாலும் காதுக்குள் பேசுவது போலக் கேட்கும். முகாமை நடத்திய உடற்பயிற்சி மாஸ்டர், சமையல்காரரிடம் தன் மனைவிக்குத் தான் எப்படிப் பயப்படுகிறார் என்று ரகசியம் சொன்னதைக் கேட்டு, இரண்டு பேரும் சிரிப்பை அடக்க ஸ்வெட்டர் கையைக் கடித்துக்கொண்டார்கள். நெட்டை சிட்டுவின் ஸ்வெட்டரை, சிட்டு நெட்டையின் ஸ்வெட்டரை.

நேற்று மதியம் வந்து இறங்கியதிலிருந்து அவள் அந்தத் தொட்டிப் பக்கம் போகவில்லை. போகத்தான் வந்தாள். கால் மட்டும் ஏனோ வரவில்லை.

நேற்று சாயங்காலம் தீ மூட்டி உட்கார்ந்தபோது மகள் நல்ல உற்சாகத்தில் இருந்தாள். நடித்துக் காட்டுவதில் கெட்டிக்காரி. நூலகர் புத்தகத்தை முகர்ந்து பார்ப்பதைச் செய்து காட்டினாள்; டிரைவர் கியர் மாற்றும்போது நாக்கைக் கடிப்பதைச் செய்து காட்டினாள். "மாத்திரையை ஆகாரத்துக்கு முன்னாடியா பின்னாடியா..." என்று மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து அம்மாவையே செய்து காட்டியபோது, வயிறு வலிக்கச் சிரித்தவள் அம்மாதான். கடைசியாகச் சுருட்டையைச் செய்து காட்டினாள்.

சுருட்டை மகளின் உயிர்த்தோழி. தலை நிறையச் சுருள் முடி. வாரத்தில் நான்கு நாள் இவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் கணக்குப் போடுவாள். சிரிக்கும்போது அவளுக்கு மூச்சு உள்வாங்கி ஒரு விக்கல் வரும். மகள் அதைச் செய்தாள். எல்லாரும் சிரித்தார்கள். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டார்கள். மூன்று தடவை செய்தாள். சுருட்டையும் சிரித்தாள், ஆனால் இந்தத் தடவை விக்கல் இல்லாமல், வாயை மூடிக்கொண்டு. மருந்துக்கடை அம்மா அதைப் பார்த்தாள். டாக்டர்களின் கையெழுத்தையே படித்துவிடுகிறவளுக்கு அந்த முகத்தைப் படிப்பது பெரிய காரியமில்லை. பிள்ளைகள் விளையாட்டு, நாம் ஏன் நடுவில் மூக்கை நுழைக்க வேண்டும் என்று விட்டுவிட்டாள். நிபந்தனைகள் வேறு இருக்கின்றனவே.

இன்று காலை மேல்முகட்டுக்கு நடைப்பயணம். போக இரண்டரை மணி நேரம், வர இரண்டு மணி நேரம். நசுங்கின கெட்டிலிலேயே மறுபடி டீ போட்டு, ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டு முடிப்பதற்குள் பனிமூட்டம் ஏரியை விட்டு எழுந்து திடலுக்குள் வந்துவிட்டது. பத்தடிக்கு அப்பால் இருப்பவர்கள் வெறும் நிழல்.

"எண்ணிக்கை!" என்று நூலகர் விசில் ஊதினார்.

மன்றத்தில் பெயர் கூப்பிடும் வழக்கமே கிடையாது. பஸ்ஸில் எத்தனையாவது ஆளாக ஏறுகிறாயோ, முகாம் முடிகிற வரை அதுதான் உன் எண். விசில் சத்தம் கேட்டதும், ஷூ கட்டிக்கொண்டிருந்தாலும், பல் தேய்த்துக்கொண்டிருந்தாலும், இருந்த இடத்திலிருந்தே வரிசையாக எண்ணைக் கத்த வேண்டும். அரை நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். உடற்பயிற்சி மாஸ்டர் காலத்தில் ஏற்பட்டது, இன்னும் மாறவில்லை.

"ஒண்ணு!" "ரெண்டு!" "மூணு!"

கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள் அவள். முப்பது வருஷத்துக்கு முன்பும் இப்படித்தான். இதே பனி, இதே குரல்கள், யாராவது ஒருவன் கண்டிப்பாக வாய் நிறைய ரொட்டியோடு கத்துவான்.

"நாலு!" "அஞ்ஜு!"

ரொட்டிக்காரன் வந்துவிட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"ஆறு!"

அது மகள்.

"ஏழு!"

அவள் கண்ணைத் திறந்தாள். எட்டு, ஒன்பது, பத்து என்று எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. "இருபத்திரண்டு!" என்று கடைசி ஆள் முடித்ததும் நூலகருக்கு உச்சி குளிர்ந்தது. "இருபத்திரண்டும் சரி! பையை எடுங்க, கிளம்பலாம்."

அந்த ஏழு சரியில்லை. மூக்கால் வந்த ஏழு. மோவாயை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, மூச்சு விடாமல், ஆறுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்த ஏழு. வேறு யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும். ஏனென்றால் இதே திடலில் ஒருநாள் காலை, மோவாயை நெஞ்சோடு அழுத்தி 'பன்னிரண்டு' என்று சொல்லிவிட்டு, நிமிர்ந்து 'பதின்மூணு' என்று சொன்னவள் அவள்.

பன்னிரண்டு சிட்டுவின் எண்.

அதற்கு முந்தின நாள் ராத்திரி நெட்டை, பக்கத்துக் கூடாரத்துப் பெண்களோடு அரைமணி நேரம் சீட்டாடிவிட்டு வருவதாகச் சிட்டுவிடம் சொல்லிப் போய், அங்கேயே தூங்கிவிட்டாள். விடிந்து வந்து பார்த்தால் சிட்டு இல்லை. போர்வை மடித்து வைத்திருந்தது. ஆற்றுப்பக்கம் பறவை பார்க்கப் போயிருப்பாள், வந்துவிடுவாள் என்று நினைத்தாள். எண்ணிக்கை நேரம் வந்தது. மாஸ்டரிடம் சிட்டு மாட்டிக்கொண்டால் காது போய்விடும். ஒரு நொடிதான். சொல்லிவிட்டாள். "இருபத்திநாலும் சரி" என்றார் மாஸ்டர். கிளம்பிவிட்டார்கள்.

பின்னாலேயே ஓடி வந்து சேர்ந்துகொள்வாள் என்று வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். முகட்டின் மேல் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலம் பிரித்தபோது ஒரு பொட்டலம் மிஞ்சியது. அதை மாஸ்டர் கையில் வைத்துக்கொண்டு நின்ற நிற்பு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. இரண்டு மணி நேர இறக்கத்தை ஒரு மணி நேரத்தில் ஓடி இறங்கினார்கள். சிட்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "வழி தவறிட்டேன். இப்பத்தான் வந்தேன்" என்றாள். அதற்கு மேல் யார் கேட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

திரும்பிப் போகிற பஸ்ஸில் அவளுக்குப் பொறுக்கவில்லை. "என்மேல என்னடி கோபம்? உனக்காகத்தானே பொய் சொன்னேன்?" என்றாள்.

சிட்டு ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஆமா. ரொம்ப நல்லாச் சொன்னே."

பள்ளிக்கூடம் திறந்ததும் சிட்டு வேறு பெஞ்சுக்கு மாறிக்கொண்டாள். வருஷக் கடைசியில் அவள் அப்பாவுக்கு வேலை மாற்றல். போட்ட இரண்டு கடிதங்களுக்குப் பதில் இல்லை. அவ்வளவுதான் சிட்டு. கல்யாணம், கடை, குழந்தை எல்லாம் வந்தன. அந்தக் கேள்வி மட்டும் செருப்பில் புகுந்த கல் மாதிரி கூடவே வந்தது. காப்பாற்றத்தானே நினைத்தேன். அதற்கா கோபம்?

"அக்கா, கிளம்பலாமா?"

சொன்னால் மகளை எல்லார் முன்னாலும் நிற்க வைத்த மாதிரி ஆகும். நேற்றுத்தான் அவளாகவே வந்து பாதி பிஸ்கட்டை உடைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். இனிமேல் ஒரு வருஷத்துக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டாள். தெரியும்.

"தம்பி, மறுபடி எண்ணணும்."

"இருபத்திரண்டும் வந்துச்சேக்கா!"

"நம்பர் வந்துச்சு. ஆள் வந்துச்சா?"

பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டே நடந்தாள். ஆறாவது தலை அவள் கைக்குக் கீழே நடுங்கியது. இருபத்தொன்றோடு தலைகள் தீர்ந்துபோயின.

நூலகர் முகத்தில் ஈயாடவில்லை. "யாரு? யாரு இல்ல?"

"சுருட்டை" என்றான் ரொட்டிக்காரன்.

"அப்ப ஏழு சொன்னது யாரு?"

மகள் தரையைப் பார்த்தாள். "நான்தான் சார். அவ தொங்குபாலத்துக்குப் போட்டோ எடுக்கப் போயிருப்பா. நேத்தே போகணும்னு சொல்லிட்டிருந்தா. நீங்க திட்டுவீங்களேன்னுதான்... ஹெல்ப்புக்குத்தான் சொன்னேன்."

"இந்தப் பனியில தொங்குபாலமா!" நூலகர் விசிலை வாயில் கவ்விக்கொண்டு ஓடினார். டிரைவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். காலையில் கெட்டிலுக்காக ஓடியபோது சிரித்த பிள்ளைகள் இப்போது ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"யாரும் இடத்தை விட்டு அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் மகளைத் தனியே இழுத்தாள். "பாலத்துக்குப் போறேன்னு காலையில உங்கிட்ட சொன்னாளா?"

"இல்லம்மா."

"ராத்திரி?"

"ராத்திரி பேசவே இல்ல. குப்புறப் படுத்துட்டா. தூங்கிட்டான்னு நினைச்சேன்."

"நம்பரைச் சொல்லச் சொல்லி அவ கேட்டாளா?"

"கேக்கல. ஆனா ஃப்ரெண்டுன்னா அதைக்கூடச் செய்யமாட்டோமாம்மா?"

சிட்டுவும் கேட்கவில்லை. அதை இன்றைக்குத்தான் முதல் தடவையாக நினைத்துப் பார்த்தாள். சிட்டு ஒரு நாளும் கேட்கவில்லை. வழி தவறினேன் என்றாள். காட்டில் வழி தவறினவள் ஸ்வெட்டரில் ஒரு முள் இல்லை, ஷூவில் சேறு இல்லை. சமையல் கொட்டகையிலிருந்து நாற்பது அடியில் உட்கார்ந்திருந்தாள். இதெல்லாம் அன்றைக்கே கண்ணில் பட்டதுதான். படிக்கத்தான் தெரியவில்லை.

பாலத்துப் பக்கம் நூலகரின் விசில் தேய்ந்துகொண்டே போனது. அவள் எதிர்ப்பக்கம் திரும்பினாள்.

"எங்கம்மா போறே? பாலம் அந்தப் பக்கம்!"

அவள் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு மேட்டில் ஏறினாள். நேற்று வர மறுத்த கால் இப்போது அவளுக்கு முன்னால் ஓடியது. புதர் அன்றைக்கு இடுப்பளவு இருந்தது, இன்றைக்குத் தலைக்கு மேல். விலக்கிக்கொண்டு போனால், பாசி பிடித்த தொட்டி. அதன் அடிச்சுவரில் துருவேறிய இரண்டு வட்டங்கள், பக்கத்தில் பக்கத்தில். யாராலும் பிடுங்க முடியவில்லை.

அந்த வட்டங்களுக்கு நேர் கீழே, முழங்காலைக் கட்டிக்கொண்டு, சுருள் முடியெல்லாம் பனித்துளியாக, சுருட்டை உட்கார்ந்திருந்தாள்.

மருந்துக்கடை அம்மா திட்டவில்லை. மூச்சு வாங்கியதில் திட்ட வார்த்தையும் இல்லை. தன் சால்வையை எடுத்து அந்தப் பெண்ணின் தோளில் சுற்றிவிட்டு, பக்கத்தில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்தாள். கீழே திடலில் பிள்ளைகள் தங்களுக்குள் குசுகுசுவென்று பேசுவது ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டது.

புதரைப் பிய்த்துக்கொண்டு மகள் வந்து நின்றாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"எரும! இங்கயா இருக்கே? அங்க எல்லாரும் உசிரை விட்டுட்டிருக்காங்க! உனக்காகத்தானேடி நம்பர் சொன்னேன்!"

சுருட்டை அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. சால்வையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, பக்கத்தில் இருந்தவளிடம் மெல்லச் சொன்னாள்:

"இங்கேயேதான் இருந்தேன் ஆன்ட்டி... என் நம்பர் வரும்போது சத்தமே இருக்காது, அவதான் முதல்ல என்னைத் தேடி வருவான்னு காதை வச்சுக் கேட்டுக்கிட்டே இருந்தேன், அவ குரல்லயே 'ஏழு'ன்னு வந்துடுச்சு."